சிவந்திருக்கிறதா?

வீட்டில் அவருக்கு ‘வரிசைக்காரர்’ என்று பெயர். சட்டைகளை இடமிருந்து வலமாக ஓர் ஒழுங்கில் மாட்டி வைப்பார். எவரேனும் ஒன்றை இடம் மாற்றிவிட்டால், அன்று காலை முழுவதும் தடுமாறுவார். மனைவி இதைச் சொல்லிச் சிரிக்காத நாளில்லை.

மகள் பிறந்த பன்னிரண்டாம் நாள், முதன்முறையாக அவர் குழந்தையுடன் தனியே இருந்தார். மனைவி பிரசவத் தையலைப் பிரிப்பதற்காக மருத்துவமனைக்குச் சென்றிருந்தாள்.

டயப்பரைக் கழற்றினார். பெட்டியிலிருந்து வாசனை போட்ட ஈரத்தாள் ஒன்றை உருவி, மெல்லத் துடைத்தார்.

குழந்தை வீறிட்டது.

கைப்பேசியும் ஒலித்தது. மனைவிதான்.

“நேத்தே லேசா செவந்திருந்துச்சுங்க. இப்ப எப்படி இருக்கு? தொடை வரைக்கும் பரவியிருந்தா உடனே தூக்கிட்டு வரச் சொல்றாங்க நர்ஸ்.”

அவர் குனிந்து பார்த்தார். தொடையும் இடுக்கும் வயிறும் அவர் கண்ணுக்கு ஒரே மங்கல் நிறமாகவே இருந்தன. சன்னல் திரையை விலக்கினார். விளக்கைப் போட்டார். அப்போதும் அதே நிறந்தான்.

பிறவியிலேயே அவருக்குச் சிவப்பு தெரியாது.

இதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை, மனைவி உட்பட. வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் பக்க வரிசைப்படி மனப்பாடம் செய்து, கண் சோதனையில் ஒப்பித்து வேலைக்குச் சேர்ந்தவர் அவர். வெளியே தெரிந்தால் அன்றே வேலை போய்விடும்.

“என்னங்க, செவந்திருக்கா, இல்லையா?”

“அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் இருக்கா.”

கைப்பேசியை வைத்தார்.

விரலின் புறத்தால் அந்தத் தோலைத் தொட்டார். சுட்டது. புண்ணின் சூடா, அழுத சூடா என்று புரியவில்லை. சரியாகத் துடைக்கவில்லையோ என்று இன்னொரு ஈரத்தாளை எடுத்து மறுபடியும் துடைத்தார்.

குழந்தை வாயைத் திறந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. முகம் கோணி, மூச்சு நின்றாற்போல ஒரு கணம் அப்படியே கிடந்தது.



மூச்சு திரும்பி அது அலறத் தொடங்கியதும், அள்ளிக்கொண்டு ஓடி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார். தையற்கடை வைத்திருக்கும் அக்கா திறந்தார்.

“அக்கா, இது செவந்திருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

“ஐயையோ, மொளகாப்பழம் மாதிரி செவந்து கெடக்கு! இதுகூடவா தெரியல தம்பி? அப்பனாம் அப்பன்!”

வைதுகொண்டே அக்கா குழந்தையை வாங்கிக்கொண்டார். வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஒற்றியெடுத்தார். டயப்பர் கட்டாமல் சற்றுநேரம் காற்றாட விட்டார். அழுகை விக்கலாகி, விக்கல் உறக்கமாயிற்று.

“தொடைக்கெல்லாம் போகல. பயப்படாதே. துடைச்ச தாளோட வாசனை பிள்ளை மேலயே அடிக்குது, அந்தச் சனியனை மட்டும் தூக்கிக் கடாசு.”

பயம் போகவில்லை.

‘இல்லை’ என்ற அந்தச் சொல் எவ்வளவு எளிதாகத் தம் வாயில் வந்தது என்பதையே அவர் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக இப்படித்தான். பக்கத்து இருக்கையிலுள்ள உதவியாளர், தொலைவில் தெரியும் விளக்கின் நிறத்தை உரக்கச் சொல்வார். தாமும் பார்த்துச் சொல்லவேண்டிய இவர், காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்வார். பின்னால் பதினாறு பெட்டிகள் நிறைய மனிதர்கள். அவர்களுள் கைக்குழந்தைகளும் இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஏழு மணி வண்டி அவருடையது.

மனைவியை அழைத்து, குழந்தைக்குச் சிவந்திருக்கிறது என்று சொன்னார். பிறகு பணிமனை அதிகாரியை அழைத்து, இனித் தாம் ரயில் ஓட்டப்போவதில்லை என்று சொன்னார்.