டிராக்டரில் ஒரு சிம்மாசனம்

"அப்பா வந்து உட்காராம நான் வண்டிய நகர்த்த மாட்டேன்" என்று மகன் சொன்னது முற்றம் முழுக்கக் கேட்டது. சம்பந்தி காதிலும் விழுந்ததா என்று பெரியவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டார். விழுந்திருந்தது.

இஸ்திரி கலையாத சட்டையும் கையில் தடியுமாகப் பெரியவர் டிராக்டரின் பின்பக்கம் மெல்ல ஏறினார். அங்கே கனத்த இரும்புத் தட்டின்மேல் ஓர் இரும்பு நாற்காலியை போல்ட் போட்டு இறுக்கியிருந்தான் மகன். அவருடைய ஆகிருதிக்கு அது அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது.

சின்ன டிராக்டர்தான். போன வாரம்தான் அதன் முன்னால் மண் அள்ளும் வாளியை மாட்டினார்கள். தரையில் நிறுத்தியிருந்த வாளியின் இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே மெக்கானிக் வண்டியை அங்குலம் அங்குலமாக ஓட்டி வந்து, பூட்டுக் கம்பிகளைத் தட்டிச் செருகி, எண்ணெய்க் குழாய்களை இணைத்தான். இன்னும் ஒரு சாமான் பாக்கி, வந்ததும் கொண்டுவருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சாமான் என்ன என்று பெரியவர் கேட்கவில்லை. அவருடைய மனத்தாங்கல் வேறு. வண்டி வாங்கியபோதும் சரி, வாளி மாட்டியபோதும் சரி, அவரை ஒரு வார்த்தை கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

கேட்காததன் பலன் அன்றைக்கே தெரிந்தது. முதல் வாளி ஜல்லியைத் தூக்கியதுமே பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்ப, வண்டி அவர் நின்றிருந்த ஜன்னலைப் பார்த்துத் தலைகுனிந்தது. வண்டிக்குத் தெரிந்த மரியாதை வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லையே என்று பெரியவர் நினைத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து மகன் அவர் அறை வாசலில் வந்து நின்றான். "நீங்க கூட இருந்தாத்தான்பா இது சரிப்படும்" என்றான். வீட்டுச் சாவியை அவனிடம் ஒப்படைத்த நாளிலிருந்து இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் காத்திருந்தார்.

மறுநாளே நாற்காலி ஏறியது. வாசலில் கொட்டிய ஜல்லி, வாளி வாளியாகக் கொல்லைப்புறப் பாதைக்குப் போயிற்று. பெரியவர் பின்னால் அமர்ந்து தடியால் வலது, இடது என்று காட்டுவார். மகன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்பா முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சம் என்று அதற்கும் அவரே காரணம் சொல்லிக்கொண்டார்.

இன்றைக்கு மருமகளின் அப்பா வந்திருந்தார். காற்று பலமாக அடித்தால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய உடம்பு. அவர் வீட்டில் டிவியின் ரிமோட்கூட அவர் கைக்கு வருவதில்லை என்பது பெரியவருக்குத் தெரியும்.

"எங்க குடும்பத்துல பெரியவங்க இல்லாம ஒரு கல்லு நகராது, சம்பந்தி. உங்க வீட்டுல எப்படி?" என்று விசாரித்தார்.

சம்பந்தி, தானும் ஒரு நடை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று மாப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மகன் அவரைத் தலைமுதல் கால்வரை ஒருமுறை அளந்தான். "வேணாம் மாமா. உங்களால ஆகாது. அங்க அப்பாதான் உட்காரணும்."

மருமகள் சட்டென்று வீட்டுக்குள் போய்விட்டாள். பெற்ற தகப்பனுக்கு நேர்ந்த அவமானம், பாவம், தாங்கவில்லை என்று பெரியவர் இரங்கினார். ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என்ன இருந்தாலும் தன் ரத்தம், குடும்ப கௌரவத்தைக் கண்டவருக்கும் தூக்கிக் கொடுக்குமா?

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. மெக்கானிக்கும் இன்னொருவனும், மேலே கொக்கி பதித்த சதுர சிமென்ட் கட்டி ஒன்றைப் பலகை வைத்துச் சறுக்கி இறக்கினார்கள். இறக்குவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது.

"ஏறி இறங்க ஒரு படி வேணும்னு நேத்துதான் சொன்னேன்" என்றார் பெரியவர், சம்பந்திக்கு மட்டும் கேட்கும்படி. "விடிஞ்சதும் வந்துடுச்சு, பாருங்க."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக நாற்காலிக்குப் பின்னால் வந்தான். ஸ்பானரை முதல் போல்ட்டில் மாட்டினான்.

"நீங்க இறங்கிக்கலாம் ஐயா. பின்னால பாரம் வைக்கிற கல்லு வந்துடுச்சு."