வகுபடாத எண்

“அழுவாத கமலவேணி, செத்தது நம்ம புள்ள இல்ல!”

“தந்தியில கண்ணையன்னு பேரு போட்டிருக்கே—”

“பாண்டிச்சேரியிலேர்ந்து பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவன்ல கண்ணையன் ஒருத்தன்தானா? நம்பரைப் பாரு, 5217. மூணால மீதியில்லாம வகுபடுது!”

கணக்கு வாத்தியார் தெய்வநாயகம், சைகோனிலிருந்து மகன் கடைசியாக எழுதிய கடிதத்தை உரக்கப் படித்தார்.

“‘அப்பா, என் பட்டாள நம்பர் எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். நானே வகுத்துப் பார்த்தேன்.’ கேட்டியா? நம்பர் என்னன்னு எழுதலைன்னாலும், பகா எண்ணுன்னு எழுதியிருக்கான்ல. செத்தவன் வேற எவனோ!”

மகனுடைய பழைய சிலேட்டில் மறுபடி வகுத்தார். மீதி வரவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

கமலவேணிக்கும் ஒரு கணம் நம்பிவிடத்தான் ஆசையாக இருந்தது.

“வகுத்தல் கணக்கு வரலைன்னு நீங்க அடிச்ச அடியிலதானேங்க அவன் பட்டாளத்துக்கே ஓடினான்?”