யானை முட்டியில் ஒரு பள்ளம்

பழைய நகரத்து நாற்சந்தியில் மண்டி போட்ட கல் யானை ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் அதன் தும்பிக்கையிலிருந்து தண்ணீர் கொட்டும். அது நின்றுபோய் ரொம்ப வருஷமாச்சு. இப்போதுதான் சீர்செய்ய ஆட்கள் வந்து, பூச வேண்டிய இடத்திலெல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள்.

"புது மாப்பிள்ளை ஆகப்போற, மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" என்றது தலைமேல் இருந்த காக்கா.

"முட்டிப் பள்ளத்துக்கும் வட்டம் போட்டுட்டாங்கடி. அது உடைசல் இல்ல. தண்ணி குடிக்கப் பிள்ளைங்க கால வச்சு ஏறி ஏறித் தேஞ்சது."

"ஒரு காதையே காணோம். அதுக்கு அழல, குழிக்கு அழுவுறியாக்கும்!"

மறுநாள் அதே ஊரில் வளர்ந்த பூச்சு வேலைக்காரி செங்கமலம் சாந்துச் சட்டியோடு வந்தாள். முதலில் காதைப் பூச வேண்டும். கூட வந்த ஆட்களோடு பேசிய பராக்கில் ஏணியை மறந்து, வலது காலைப் பள்ளத்தில் ஊன்றி விறுவிறுவென்று ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் குனிந்து பார்த்தாள்: சின்ன வயதில் தண்ணீர் குடிக்கக் கால் வைத்து ஏறிய அதே பள்ளம்.

"அடி, நீயா!" என்றது யானை. அவளுக்கு அது கேட்கவில்லை. ஆனாலும் இறங்கிவந்து, முட்டியில் இருந்த வட்டத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

வேலை முடிந்த அன்று தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முதலில் ஓடிவந்த பிள்ளை, காலை எங்கே வைப்பது என்று யாரையும் கேட்கவில்லை.