மேல் மூலையில் ஓர் உள்ளங்கை

வலது பெட்டியின் மேல் மூலையில் இருந்த அந்த உள்ளங்கை அகல இடம்தான் ஒட்டுக்காரரின் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தது.

பெட்டி என்றால் ஸ்பீக்கர் பெட்டி. ஐம்பது வயதான ஜோடி. மேலே மெல்லிய மரத்தோல் போர்த்தியது. வெனீர் என்று சொன்னால்தான் வாங்குகிறவர்களுக்கு மரியாதை. இந்த மாதிரிப் பழசுகளைத் தேடி அலைகிற கூட்டம் ஒன்று உண்டு. பாட்டுக் கேட்கத்தான் வாங்குகிறார்கள் என்று நம்பினால் உங்களைப் போல வெள்ளந்தி யாரும் இல்லை. அவர்கள் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். தடவிப் பார்ப்பார்கள். யாரும் கவனிக்காவிட்டால் முகர்ந்தும் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் ஒட்டிய வெனீர் அப்படியே இருந்தால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள். பிற்பாடு எவனோ கை வைத்திருக்கிறான் என்று தெரிந்தால், உள்ளிருந்து தேனே ஒழுகினாலும் அது விறகுதான்.

ஒட்டுக்காரரின் மைத்துனன் பழைய சாமான் கடை வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் இவருடைய வெனீர் ஒட்டும் பட்டறை. 'அசல், யார் கையும் படாதது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மைத்துனன் இந்த ஜோடிக்கு ஆள் பிடித்துவிட்டான். பிடித்த ஆள் பூதக்கண்ணாடி.

பூதக்கண்ணாடி ஓய்வுபெற்ற அதிகாரி. சட்டைப்பையில் லென்ஸ் இல்லாமல் வாசல் தாண்டமாட்டார், அதனால் வந்த பெயர். ஒட்டுப்போட்டதை அசல் என்று விற்ற இரண்டு வியாபாரிகளை ஏற்கெனவே கம்பி எண்ண வைத்தவர். துணைக்கு மூன்றாவது ஆள் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை.

"அந்த மூலை காட்டிக் கொடுத்துடும் மாப்ளே," என்றார் ஒட்டுக்காரர், அன்று காலையில் ஏழாவது முறையாக. "சுத்தி இருக்கறதோட சேரவே இல்ல. சீக்கு வந்த மாதிரி வெளுத்துக் கிடக்கு. லேசா சாயம் தொட்டு வச்சிடறேனே."

"நோண்டாதீங்க மாமா. அவர் வர்ற நேரம், வாசனை அடிக்கும். ஒரு உள்ளங்கை இடம். அதை எவன் பாக்கப் போறான்?"

பார்ப்பதற்கென்றே பிறந்தவர் வந்து சேர்ந்தார்.

வந்ததும் விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சை மரத்தோடு மரமாகப் படுக்க வைத்து அடித்தார். அப்படி அடித்தால் சின்ன மேடு பள்ளமும் நிழல் கட்டும். இடது பெட்டியில் நாலு பக்கமும் பார்த்தார். நிழல் இல்லை. வலது பெட்டிக்கு வந்தார். அங்கும் வெகுதூரம் நிழல் இல்லை.

"ரேகை ஓடற அழகைப் பாருங்க," என்றார் உருகிப்போய். "ஒரே மரத்துல அடுத்தடுத்து சீவின தோலு. அந்தக் காலத்துக் கை. இன்னிக்கி ஒட்டறவனெல்லாம் போஸ்டர் ஒட்டத்தான் லாயக்கு."

ஒட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. வாயைத் திறக்கப் போனவரின் காலை மைத்துனன் மிதித்தான்.

டார்ச் மேல் மூலைக்கு வந்து நின்றது. லென்ஸ் வெளியே வந்தது. கடையில் மூச்சு விட்டவர் அவர் ஒருவர்தான்.

"இது என்ன?"

"நான் வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு," என்றான் மைத்துனன்.

"நிறம் செத்துக் கிடக்கு. ரேகை கோணல். எவனோ அரைகுறை அவசரத்துல ஒட்டிட்டுப் போயிருக்கான்." அவர் பார்வை ஒட்டுக்காரரின் விரல்களுக்கு இறங்கியது. நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. "அந்த மகராசன் நீங்கதானா?"

"என் கை அந்த இடத்துல படவே இல்ல சார்."

"எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்றான்," என்று சிரித்தபடியே போனை எடுத்தார்.

மைத்துனன் கெஞ்சினான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைச் சொன்னான், அம்மாவின் இதய நோயைச் சொன்னான். எதுவும் எடுபடாமல் போகவே, தனக்கு ஒன்றும் தெரியாது, மாமாதான் கை அரித்து ஏதாவது செய்து தொலைத்திருப்பார் என்றும் சொல்லிப் பார்த்தான். அக்காள் புருஷனை அவ்வளவு சல்லிசாக யாரும் விற்றதில்லை. ஒட்டுக்காரர் அவனைத் திரும்பிப் பார்த்தார். திட்டக்கூட மனசு வராமல் தரையைப் பார்த்துக்கொண்டார்.

போனைத் தட்டப் போன விரல் நின்றது. இரக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பூதக்கண்ணாடியின் கண் மறுபடியும் அந்தப் பெட்டிகளின் மேல் போயிருந்தது. ஓர் உள்ளங்கைக்காக இந்த ஜோடியை விட்டுப் போக அவரால் முடியவில்லை. கடைசியில் தீர்ப்புச் சொன்னார்: அந்த ஒட்டைப் பேர்த்தெடுத்துவிட்டு, சுற்றியுள்ளதோடு சேர்கிற மாதிரி, தன் கண் முன்னாலேயே புதுசாக ஒட்ட வேண்டும். சேர்ந்தால் வண்டியில் பெட்டி ஏறும். சேராவிட்டால் இவர்கள் இரண்டு பேரும் ஏறுவார்கள், போலீஸ் வண்டியில்.

"இந்தப் பக்கத்தைப் பாத்து ஒட்டுங்க," என்று விரலால் தட்டிக் காட்டினார். "இதான் வேலை. பாத்தாவது கத்துக்கங்க."

"சரிங்க சார்," என்றார் ஒட்டுக்காரர். அவர் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று சொல்லமுடியாத ஏதோ ஒன்று வந்து போனது.

இஸ்திரிப்பெட்டி சூடேறியது. ஈரத்துணியை மூலையில் போட்டுத் தேய்க்க, அடியில் இருந்த பசை இளகியது. கத்தி நுழைந்தது. துண்டு முழுசாக உரிந்து வந்தது. அதே நிறத்தில், அதே ரேகையில் ஒரு வெனீர்த் துண்டு பட்டறையில் தயாராக இருந்தது. எப்படி என்று கேட்கப் பூதக்கண்ணாடிக்குத் தோன்றவில்லை. நேராக வெட்டினால் கண்ணுக்குத் தெரியும் என்று ஓரத்தை ரேகையோடு வளைத்து வெட்டி, ஒட்டி, அழுத்தி, மெழுகிட்டார். டார்ச் நாலு முறை போய் வந்தது. இணைப்பு அகப்படவில்லை.

"இப்பதான் மொத்தமும் ஒண்ணா இருக்கு," என்ற பூதக்கண்ணாடி, உரித்த துண்டை இரண்டு விரலால் அருவருப்பாகத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, பெட்டிகளை வண்டியில் ஏற்றச் சொன்னார்.

ஐம்பது வருஷத்துக்கு முன் தொழிற்சாலையில் ஒட்டிய வெனீரில், அந்த ஜோடியில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு துண்டுதான்.