இரண்டு சிறிய கார்கள்

சேலத்தில் நானும் என் மகள் எழிலரசியும் இரண்டு சிறிய கார்களில் ஏறிப் பார்த்தோம். முதல் காரின் இருக்கை மெத்தென்று இருந்தது. வேகத்தடையில் தண்ணீர் பாட்டில்கூட ஆடவில்லை. லிட்டருக்கு நாற்பது கிலோமீட்டர் கொடுக்கும் என்றார் விற்பனையாளர் இருதயராஜ்.

இரண்டாவது கார் முப்பதுதான் கொடுக்கும். ஆனால், குடும்பத்தில் இறந்துபோனவர் ஓட்டிய விதத்திலேயே அது தானாக ஓடும். என் கணவரின் பழக்கங்களைப் பழைய காரிலிருந்து எடுத்து அதில் ஏற்றியிருந்தார்கள்.

சிக்னலில் பச்சை விழுவதற்கு முன்பே கார் அவசரமாக முன்னால் நகர்ந்தது.

“அம்மா, அப்பாவேதான்!” எழில் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அடுத்து ஓமலூர் சாலை வளைவு வரும். போன வருடம் அங்கேதான் ஒரு லாரியை முந்தப்போய் அவர் இறந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த நான் பிழைத்தேன்.

இப்போதும் முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. கார் வலது பக்கம் விலகி வேகமெடுத்தது.

“பயப்படாதீங்க மேடம், சார் ஓட்டுனபடியேதான் ஓட்டும்” என்றார் பின்னாலிருந்த இருதயராஜ்.

“மெதுவா போங்க!” என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் கத்திக்கொண்டிருந்தது அதைத்தான்.

கார் உடனே வேகத்தைக் குறைத்து, லாரிக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

இறங்கியதும், முதல் காரையே கொடுங்கள் என்றேன்.

“ஏம்மா? அச்சு அசலா அப்பா மாதிரியேதானே ஓட்டுச்சு?”

“உங்கப்பா என்னிக்குடி நான் சொன்னதக் கேட்டாரு?”