கிளவுஸில் கவிச்சி

"கவிச்சி! இன்னைக்கும் கவிச்சி! தள்ளி நில்லும்மா."

கிளவுஸுக்குள் புதைத்திருந்த முகத்தை வெளியே எடுத்த மாஸ்டர், கிளவுஸை மேஜைமேல் பொத்தென்று போட்டார். வரிசையில் நின்ற பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். மீன்காரம்மாவுக்குக் காது வரை சூடேறியது.

அந்தக் குத்துச்சண்டைக் கூடத்தில் அதுதான் சட்டம். வாசலில் மேஜை போட்டு மாஸ்டர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருத்தியின் கிளவுஸையும் வாங்கி மூக்கோடு வைத்து உறிஞ்சுவார். வாடை அடித்தால் அன்றைக்கு மேடை ஏற முடியாது. மூலையில் தொங்கும் மணல் மூட்டையைக் குத்திவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"நல்லா தொடைச்சுத்தான் கொண்டாந்தேன் மாஸ்டர்."

"எங்கிட்டயேவா? என் மூக்கு பொய் சொல்லாது. சனிக்கிழமை போட்டிக்கு நாளைக்குள்ள பேர் குடுக்கணும். நாளைக்கும் இப்படி வந்து நின்னா உன் பேர் இருக்காது. அப்புறம் அழக் கூடாது, ஆமா."

அடுத்த வருஷம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இந்தப் போட்டியை விட்டால் பிறகு ஆயுசுக்கும் அந்த மூட்டையோடுதான் சண்டை. அவள் மூலைக்குப் போனாள்.

அடுத்து வந்தவள் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். அவள் கிளவுஸை மாஸ்டர் மோந்து பார்த்தார்.

"பேஷ்! உள்ள போங்க டீச்சர்."

பயிற்சி முடிந்து உடை மாற்றும் அறையில் டீச்சர்தான் மெல்ல ஆரம்பித்தாள்.

"உங்ககிட்ட சொல்றதுக்கென்ன? நான் இதைத் தொடைச்சே ஒரு வாரம் ஆச்சு. வேர்வையோட அப்படியே பைக்குள்ள கெடந்துச்சு. எனக்கே குமட்டுது. இதைப் போய் பேஷ்ங்கிறாரு!"

"அதிர்ஷ்டக்காரி நீங்க."

"நீங்க என்னதான் பண்றீங்க?"

"என்ன பண்ணலன்னு கேளுங்க. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலை இதுதான். வினிகர் கலந்த தண்ணியில துணிய நனைச்சு, ஒட்டப் பிழிஞ்சு, உள்ள வெளிய தொடைப்பேன். பழைய பேப்பரைக் கசக்கித் திணிச்சு ஃபேனுக்கு அடியில வெப்பேன். வெயில்ல வெச்சா தோல் வெடிச்சுடும். ஈரம் போனதும் சமையல் சோடாவை சாக்ஸுல கட்டி உள்ள போடுவேன். கையில சுத்துற பட்டையை தெனம் துவைக்கிறேன். இதுக்கு மேல என்ன, மடியில போட்டுத் தாலாட்டணுமா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே அந்தக் கிளவுஸை வாங்கி மூக்கை உள்ளே விட்டாள். இன்னொரு தடவையும் மோந்து பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"சத்தியமா ஒண்ணுமே இல்லைங்க. கடையில இருந்து இப்பதான் எடுத்த மாதிரி இருக்கு."

"எங்க வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்றாரு. ஆனா அவரும் மீன் விக்கிறவரு. அவர் மூக்கை எந்தக் கோர்ட்டுல ஒத்துப்பாங்க?"

"அப்ப மாஸ்டருக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

மீன்காரம்மாவின் பார்வை தன் கிளவுஸிலிருந்து டீச்சரின் கிளவுஸுக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது.

"டீச்சர், உங்க கிளவுஸை இன்னைக்கு ஒரு நாள் எங்கிட்டக் குடுங்க. நாளைக்கு வாசல்ல வெச்சுத் தரேன்."

"சுத்தம் பண்ணவா? ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க வேண்டாத வேலை?"

"குடுங்களேன், சொல்றேன்."

மறுநாள் வாசலில் டீச்சரின் கையில் கிளவுஸைக் கொடுத்துவிட்டு, மீன்காரம்மா அவள் காதில் ஏதோ சொன்னாள். டீச்சர் "ஐயையோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் கிளவுஸை நெஞ்சோடு அணைக்கப் போய், சட்டென்று கையை நீட்டித் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

வரிசை நகர்ந்தது. மீன்காரம்மாவின் முறை வந்தது.

மாஸ்டர் ஆழமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். முகத்தைச் சுளித்தார்.

"கவிச்சி! மார்க்கெட்டையே கொண்டாந்து கொட்டின மாதிரி இருக்கு. உன் பேரை அடிச்சாச்சு, போ."

அவள் போகவில்லை. மேஜை ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

டீச்சர் கிளவுஸை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஏனோ ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பின்வாங்கினார்கள்.

மாஸ்டர் கண்ணை மூடி மோந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஆகா! கிளவுஸ்னா இது கிளவுஸ்! பார்த்துக்கோம்மா. டீச்சர்கிட்டக் கேட்டாவது கத்துக்கோ."

"கத்துக்கிறேன் மாஸ்டர்," என்றாள் மீன்காரம்மா. "டீச்சர், உள்ள என்ன போட்டு வெச்சிருக்கீங்கன்னு கொஞ்சம் காட்டுங்களேன்."

டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளவுஸுக்குள் கையை விட்டாள். முந்தாநாள் விற்காமல் போன இரண்டு மத்தி மீன்களை வாலைப் பிடித்து இழுத்து, மாஸ்டர் எதிரே மேஜைமேல் வைத்தாள்.

வரிசை மொத்தமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியது. மேடையில் குத்து வாங்கி வாங்கி என்றைக்கோ செத்துப்போன தன் மூக்கைத் தடவியபடி மாஸ்டர் மட்டும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு தலை நிமிராமலே, "சனிக்கிழமை நேரத்தோட வந்துடும்மா," என்றார்.