ஓடாத மாப்பிள்ளை

பிடித்து வந்து மூன்று மணி நேரமாகியும் மாப்பிள்ளை ஓடவில்லை.

எதிர் வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. என் வாசல் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் காரோ மலையில், பழைய வழக்கம் விடாத வீடுகளில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளையைப் பிடித்து வருவார்கள். பிடிபட்டவன் தப்பி ஓட வேண்டும். தேடிப் பிடிப்பார்கள். மறுபடி ஓட வேண்டும். இரண்டு ஓட்டம் மரியாதை. மூன்றாவதும் ஓடினால் பெண்ணைப் பிடிக்கவில்லை என்று பொருள். அப்புறம் யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

ஒரு தடவைகூட ஓடாதவனைப் பற்றி வழக்கத்தில் எதுவும் இல்லை. அப்படி ஒருத்தன் பிறப்பான் என்று முன்னோர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

மாப்பிள்ளை வால்செங், கால் நட்டு உயர்த்திய அந்த வீட்டின் மூங்கில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து பன்றிக்கறியும் சோறும் தின்றுகொண்டிருந்தான். பிடிபட்டவன் தட்டைத் தள்ளிவிட வேண்டும். இவன் தட்டை நீட்டினான். இரண்டு தடவை.

காவலுக்கு இருந்த இளவட்டங்கள் முதலில் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் குறட்டை விட்டார்கள்.

வால்செங் எழுந்தான். முற்றத்தில் கூடியிருந்த ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

அவன் தண்ணீர் குடித்தான். குறட்டை விட்டவர்களில் ஒருவனுக்குத் தலைக்கு ஒரு துணியைச் சுருட்டி வைத்தான். மறுபடி உட்கார்ந்துகொண்டான்.

கல்யாணப் பெண் சில்மே அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டாள். இவன்தான் வேண்டும் என்று வாய் விட்டுச் சொன்னவளே அவள்தான். இப்போது ஊர் என்ன பேசும்? அவளுக்கு வரப்போகும் வீட்டுக்கும் பாக்குத் தோப்புக்கும் ஆசைப்பட்டு ஒட்டிக்கொண்டான் என்று பேசும். நானே இரண்டு வீட்டில் பேசிவிட்டுத்தான் என் வாசலுக்குத் திரும்பியிருந்தேன்.

உச்சி வெயிலுக்குள் அவன் ஓடாவிட்டால் கல்யாணம் கிடையாது என்று சில்மேயின் அம்மா ஜாக்மே சொல்லிவிட்டாள். அதாவது, அவன் இருக்க வேண்டுமென்றால் போக வேண்டும்.

"டேய் மச்சான், சும்மா பாக்குத் தோப்பு வரைக்கும் ஓடுடா. நாங்களே வந்து தூக்கிட்டு வர்றோம்" என்று சில்மேயின் அண்ணன் தெங்சான் கெஞ்சினான்.

"வேணாம் மச்சான். இங்கயே காத்து நல்லா வருது."

கடைசியில் நான்கு பேர் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்த் தோப்பில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்தார்கள். அவன் குறுக்கு வழியில் அவர்களுக்கு முன்னால் வந்துவிட்டான். மூச்சு வாங்க வந்தவர்களை ஒவ்வொருவராகக் கை கொடுத்து ஏணியில் ஏற்றிவிட்டான்.

ஜாக்மே வெளியே வந்தாள்.

"ஏன்டா, எம் பொண்ணுக்காக நாலு எட்டு ஓட முடியாதா உனக்கு?"

வால்செங் தலை குனிந்தான். பிறகு கையை நீட்டினான்.

"ஓடிப் போயி அந்த மாமா மாதிரி ஆயிட்டேன்னா, அத்தை?"

அவன் விரல் என் வாசலுக்கு நேராக நின்றது.

ஊர் சிரித்திருந்தால் பரவாயில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

சரி, நானே சொல்லிவிடுகிறேன். முப்பது வருடத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு, இதே ஜாக்மேவுக்காக, என்னைப் பிடித்து வந்தார்கள். முறைப்படி இரண்டு தடவை ஓடினேன். பத்துப் பேர் துரத்துவதும், தோளில் தூக்கி வருவதும், வழியெல்லாம் பெண்கள் நின்று பார்ப்பதும் நன்றாகத்தான் இருந்தது. அந்த ருசியில் இன்னொரு ஓட்டம் ஓடிவிட்டேன். பாக்குத் தோப்பில் ஒளிந்துகொண்டு, கண்டுபிடிக்க வசதியாக விடாமல் இருமிக்கொண்டிருந்தேன்.

யாரும் வரவில்லை.

ஆறு மாதத்தில் எங்கள் கிளையிலேயே இன்னொருவனைப் பிடித்து வந்தார்கள். அவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டான். நான் எதிரில் ஒரு வீடு கட்டிக்கொண்டேன், ஒற்றை ஆளுக்குப் போதுமான வீடு.

இன்று முப்பது வருடம் கழித்து அந்த முற்றத்தில் கால் வைத்தேன். நேராக வால்செங்கிடம் போனேன்.

"ரெண்டோட நிறுத்திக்கடா. நான் எண்ணுறேன்."

அவன் என்னைப் பார்த்தான். அடுப்படிப் பக்கம் பார்த்தான். ஏணியிலிருந்து ஒரே தாவாகத் தாவி ஓட்டமெடுத்தான். காவல்காரர்கள் ஆனந்தக் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் பறந்தார்கள். ஊரும் நாயும் கூடவே ஓடின.

"ஒண்ணு" என்று உரக்கச் சொன்னேன்.

முற்றத்தில் நானும் ஜாக்மேவும் மட்டும் மிஞ்சினோம். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஏணிக்கடியில் படுத்திருந்த பன்றியைப் பார்த்தபடி கேட்டாள்.

"அன்னைக்கு நான் வந்தப்ப ஏன் ஓடுன?"

யாரும் வரவில்லை என்றுதான் முப்பது வருடமாக ஊரிடம் சொல்லி வருகிறேன். சற்று முன் உங்களிடமும் அப்படியே சொன்னேன்.

ஒருத்தி வந்தாள். வழக்கத்தை மீறி, தன்னந்தனியாக, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

காலடிச் சத்தம் கிட்டத்தில் கேட்டது. ஓடினால்தானே மரியாதை என்று நான்காவது தடவையும் ஓடினேன்.